லினக்ஸை நிறுவிவிட்டுப் போய்விடாதீர்கள்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு, அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைச் செயலி அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். 2016-இல் வாங்கிய மடிக்கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் இந்த வாசலில் நின்றுவிடும். "என்ன செய்வது?" என்று யாராவது கேட்டால், "லினக்ஸ் போடுங்க அண்ணே" என்று ஒரு வரியில் பதில் வருகிறது. லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். அந்த வரியோடு எனக்கு உடன்பாடுதான். அதோடு நின்றுவிடுவதில்தான் உடன்பாடில்லை.

மேசைக் கணினியில் லினக்ஸின் பங்கு இன்னும் சிறியது. இணையப் பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் ஸ்டேட்கவுன்டர் நிறுவனத்தின் கணக்கில் உலக அளவில் 4 விழுக்காட்டை முதன்முதலாகத் தாண்டியது 2024 பிப்ரவரியில். அமெரிக்காவில் 2025 ஜூனில் 5 விழுக்காட்டைத் தொட்டது. இந்தக் கணக்கு, இணையப் பக்கங்களைத் திறக்கும் உலாவி தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறதோ அதை வைத்துப் போடுவது. கூகுளின் குரோம் இயங்குதளத்தை அதில் தனியாக எண்ணுகிறார்கள். ஆனால் அந்த இயங்குதளம் ஓடும் மடிக்கணினியான குரோம்புக்கின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கருநிரல்தான், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி. சிங்கப்பூரில் 2021 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் இருக்கிறது. அவற்றில் குரோம்புக்குகள் நிறைய. அதைத் தினமும் தட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தான் லினக்ஸ் பயன்படுத்துவது தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. விசைப்பலகை, உள்நுழைவு, வைஃபை எல்லாவற்றையும் யாரோ முன்கூட்டியே ஒழுங்கு செய்து கையில் கொடுத்துவிட்டார்கள்.

(பள்ளிச் சாதனத்தில் கை வைக்காதீர்கள். அதில் சாதன நிர்வாக மென்பொருள் இருக்கும். அதை அழித்து வேறு இயங்குதளம் போடுவது விதிமீறல், பிள்ளைக்குத்தான் சிக்கல்.)

லினக்ஸ் போன்ற திறமூல (மூலநிரல் எல்லோருக்கும் திறந்த) இயங்குதளம் பரவாததற்கு அதன் தரம் காரணம் என்று நான் நம்பவில்லை. கிடைக்காததும் காரணமில்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் குறுவட்டை 2011 வரை உலகம் முழுக்க இலவசமாகவே அஞ்சலில் அனுப்பினார்கள். குறுவட்டு வந்தது, கூட உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வரவில்லை. கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் பத்துக் கடை ஏறி இறங்கினாலும் விண்டோஸ் போட்ட மடிக்கணினிதான் முன்னால் அடுக்கியிருக்கும். வாங்குகிறவர் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பதே இல்லை, அது கணினியோடு வந்துவிடுகிறது. ஆகவே லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் நாம், அந்தக் கடையும் அந்தப் பள்ளியும் செய்யும் வேலையை முழுதாகச் செய்தாக வேண்டும். பாதியில் விட்டால் அந்தக் கணினி மூன்றாம் வாரம் அலமாரிக்குப் போகும், அந்தக் குடும்பத்தில் இனி யாரும் லினக்ஸ் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

பிரான்ஸின் காவல் படையான ஜான்டார்மரி இதைச் சரியான வரிசையில் செய்தது. 2005-இல் ஓபன்ஆபிஸ் என்ற அலுவலகத் தொகுப்பு, 2006-இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் தண்டர்பேர்டு மின்னஞ்சல் மென்பொருளும், அவை கைக்குப் பழகிய பிறகு 2008-இல்தான் உபுண்டு. அடித்தளம் மாறியபோது மேலே இருந்த சன்னல்கள் எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை. உங்கள் மாமாவுக்கும் இதே வரிசைதான். விண்டோஸ் இருக்கும்போதே ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆபிஸ் (ஆவணங்களுக்கு), விஎல்சி (படம், பாட்டுக்கு) மூன்றையும் போட்டுக் கொடுத்து ஒரு மாதம் விடுங்கள். அந்த மாதத்தில் எங்கே முட்டுகிறார் என்பது தெரிந்துவிடும், லினக்ஸ் பொருந்துமா என்பதும் தெரிந்துவிடும்.

யாருக்குப் போடக் கூடாது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வேலைக்கு ஃபோட்டோஷாப்போ ஆட்டோகேடோ மேக்ரோ நிறைந்த எக்செல்லோ வேண்டியவருக்கு வேண்டாம். தேக்காவில் மளிகைக் கடை நடத்துபவரின் விற்பனைப் பதிவு மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவது என்றால், அதைத் தொடவே வேண்டாம். வெலரன்ட், ஃபோர்ட்நைட் விளையாடும் பையன் இருக்கும் வீட்டிலும் பேசிவிட்டுச் செய்யுங்கள். விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளத்தில் உள்ள விளையாட்டுகளில் ஏராளமானவை, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் (2018-இல் வந்தது) வழியாக நன்றாக ஓடுகின்றன, ஆனால் இந்த இரண்டிலும் உள்ள மோசடித் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் விளையாட விடாது. அலுவலக மடிக்கணினி அலுவலகத்தின் சொத்து, அதில் பேச்சுக்கே இடமில்லை.

மற்றவர்களுக்கு, குறிப்பாக நம் மூத்தோருக்கு, கணினி என்பது பெரும்பாலும் உலாவிதான். மத்திய சேம நிதி, வருமான வரி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) எல்லாமே இணையப் பக்கங்கள். அவற்றில் உள்நுழையும் சிங்பாஸுக்குக் கைத்தொலைபேசியில் கியூஆர் குறியீட்டை வருடினால் போதும். கணினியில் எந்த இயங்குதளம் என்று அது கேட்பதில்லை.

இனி இரும்பை, அதாவது கணினியின் வன்பொருளைப் பார்ப்போம். கணினியின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தொடுபலகை மேலெழும்பியிருந்தாலோ மூடி சரியாகப் பொருந்தாமலிருந்தாலோ மின்கலம் வீங்கியிருக்கிறது. அதைக் குத்தவோ அழுத்தவோ மின்னேற்றவோ கூடாது, முதலில் மின்கலத்தை மாற்றியாக வேண்டும். அடுத்தது வட்டு. சுழலும் வட்டு உள்ள பழைய மடிக்கணினி எந்த இயங்குதளத்திலும் நத்தையாகத்தான் ஓடும். அதற்குப் பதிலாகச் சுழலும் பாகமில்லாத 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வட்டு ஒன்றை மாற்றுவது நான்கைந்து திருகாணி வேலை. 7 மில்லிமீட்டர் தடிமன் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நினைவகம் 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் எழுந்துவிடும், ஆனால் உலாவியில் பத்துத் தாவல் திறந்தால் திணறும். 8 ஜிபி ஆக்குங்கள். இந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. ஓர் எஸ்எஸ்டியால் இன்னும் ஐந்தாண்டு ஓடக்கூடிய இயந்திரத்தை அதோடு சேர்ப்பது மனத்துக்கு ஒப்பவில்லை.

புதியவருக்கு நான் பரிந்துரைப்பது லினக்ஸ் மின்ட் 22, சின்னமன் பதிப்பு. ஆதரவு 2029 வரை. கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி, ஆகவே 8 ஜிபி யூஎஸ்பி போதும். இறக்கிய கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் செக்சம் எண்ணைச் சரிபார்த்துவிட்டு, எட்சர் என்ற மென்பொருள் கொண்டு யூஎஸ்பியில் எழுதுங்கள். பாதி இறங்கிய கோப்பால் வரும் பிழைகள் என்ன ஏது என்று புரியாதவை, இரவு முழுக்கத் தின்றுவிடும். கணினியை முடுக்கும்போது லெனோவோ, டெல் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 அழுத்தினால் யூஎஸ்பியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் வரும்.

யூஎஸ்பியிலிருந்தே மின்ட் முழுதாக ஓடும். நிறுவும் பொத்தானை அழுத்துமுன் அரை மணி நேரம் இங்கே செலவழியுங்கள்: வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்சத்துக்கான விசைகள். முக்கியமாக மூடியை மூடி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். தூங்கி எழாத மடிக்கணினிகள் உண்டு. அதை அழிப்பதற்கு முன் கண்டுபிடிப்பதும் பின் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல. வைஃபை மட்டும் தெரியவில்லை என்றால் பயப்படாதீர்கள். ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியைக் கம்பியால் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை முடுக்கினால் இணையம் வரும். பிறகு மின்டில் உள்ள டிரைவர் மேனேஜர் என்ற கருவி, வைஃபையை இயக்கத் தேவையான மென்பொருளை (டிரைவர்) இறக்கிக்கொள்ளும்.

விண்டோஸும் பக்கத்தில் இருக்கட்டும் என்கிறவர்களுக்கு நாலு பள்ளம் காத்திருக்கிறது. முதல் பள்ளம் பிட்லாக்கர், அதாவது வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. அது இயங்கிக்கொண்டிருக்கும்போது செக்யூர் பூட்டையோ (நம்பகமான மென்பொருளை மட்டும் கணினி எழும்போது ஓடவிடும் பாதுகாப்பு) வட்டின் பிரிவுகளையோ தொட்டால், விண்டோஸ் அடுத்த முறை 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கலாம். அது கையில் இல்லை என்றால் படங்களும் ஆவணங்களும் போனது போனதுதான். முதலில் குறியீட்டை எழுதி வையுங்கள், முடிந்தால் குறியாக்கத்தையே நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். இரண்டாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இயங்கும் வரை விண்டோஸ் உண்மையில் முழுதாக அணைவதில்லை, அதனால் அந்த வட்டை லினக்ஸ் படிக்க மட்டுமே விடும், எழுத விடாது.

மூன்றாவது, நிறுவும் நிரலுக்கு வட்டே தெரியாமல் போவது. பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) வட்டை அணுகும் முறை இன்டெல் ஆர்எஸ்டி என்று இருக்கும், அதை ஏஎச்சிஐ என்ற பொதுமுறைக்கு மாற்ற வேண்டும். அப்படியே மாற்றினால் விண்டோஸ் எழாது. விண்டோஸை முதலில் சேஃப் மோடில் (குறைந்தபட்ச வசதிகளோடு எழும் நிலை) முடுக்கும்படி அமைத்துவிட்டு, பயோஸில் மாற்றி, ஒரு முறை சேஃப் மோடில் எழவிட்டு, பிறகு வழக்கநிலைக்குத் திருப்புங்கள். நான்காவது சிறியது, ஆனால் சிங்கப்பூரில் சட்டென்று கண்ணில் படும்: விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் சரியாக 8 மணி நேரம் பின்தங்கியிருக்கும். லினக்ஸ் கணினியின் உட்கடிகாரத்தில் உலக நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. லினக்ஸை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி ஒரே கட்டளையில் சொல்லிவிடலாம்.

நிறுவும்போது மல்டிமீடியா கோடெக்குகளை (ஒலி, காணொளிக் கோப்புகளை ஓட்ட உதவுபவை) தேர்ந்தெடுத்தால் செக்யூர் பூட்டுக்கு ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுமுறை கணினி எழும்போது நீலத் திரை ஒன்று சில விநாடிகளே நிற்கும். அதில் 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். பலர் இதைப் பிழைத்திரை என்று நினைத்து ஓட விட்டுவிடுகிறார்கள். பிறகு என்விடியா வரைகலை அட்டைக்கான டிரைவர் ஏறாது, பழி லினக்ஸ் மேல்.

இப்போது தமிழ். நம் வீடுகளில் இதுவே பாதி வெற்றி. விசைப்பலகை அமைப்புப் பட்டியலிலேயே தமிழ்நெட்99 என்று ஒன்று தெரியும், அதை எடுக்காதீர்கள். அது ஒவ்வொரு விசையிலும் ஓர் எழுத்தை ஒட்டிவைத்தது, அவ்வளவே. முன்னால் என்ன தட்டினோம் என்று பார்த்துப் புள்ளியைத் தானாக இடும், தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையின் விதி அதில் வராது. மென்பொருள் மேலாளரில் தமிழ் உள்ளிட உதவும் ஐபஸ்-எம்17என் என்ற பொதியை நிறுவி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்து, ஐபஸ் விருப்பங்களில் தமிழுக்குக் கீழே உள்ள தமிழ்99-ஐச் சேருங்கள். 'அம்மா' என்று அடிக்கும்போது இரண்டு 'ம' தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழ வேண்டும். விழுந்தால் சரியானதைத்தான் எடுத்திருக்கிறீர்கள். ஆங்கில எழுத்துவழி தட்டிப் பழகியவர்களுக்கு ஃபொனெட்டிக் முறை உண்டு. ஆனால் ந, ன, ண, ற, ழ ஆகியவற்றுக்கு அவர்கள் விரல் தேடும் விசைகள் அஞ்சல் என்ற விசைப்பலகை முறையில் இருந்ததுபோல இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு தாளில் அச்சிட்டு ஒட்டிக் கொடுங்கள்.

லிப்ரேஆபிஸில் தமிழ் தனி வகுப்பைச் சேர்ந்தது. மொழி அமைப்புகளில் சிக்கலான எழுத்தமைப்பு என்ற பகுதியை முடுக்கி, இயல்பு மொழியாகத் தமிழைத் தாருங்கள். அதன் எழுத்துருவும் அளவும் ஆங்கிலத்துக்கானதிலிருந்து தனியே இருப்பதால், பாணிகளில் ஆங்கிலத்தின் அளவை மட்டும் 14 ஆக்கினால் தமிழ் பழைய அளவிலேயே நிற்கும். "ஏன் தமிழ் மட்டும் சின்னதா இருக்கு?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். விண்டோஸில் லதா, நிர்மலா எழுத்துருக்களில் எழுதிய ஆவணம் இங்கே லோஹித் அல்லது நோட்டோ எழுத்துருவில் திறக்கும். வரிகள் இடம்மாறும், ஒரு பக்கக் கடிதம் ஒன்றேகால் பக்கமாகும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் நோட்டோ தமிழை வைத்துக்கொள்ளுங்கள், அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். சில படிவப் பிடிஎஃப்கள் திறந்தவுடன் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அப்படியே நிற்கும். அவை எக்ஸ்எஃப்ஏ என்ற படிவ வகை, எல்லா மென்பொருளும் அதைத் திறப்பதில்லை. 2021-க்குப் பிந்தைய ஃபயர்ஃபாக்ஸில் இழுத்துப் போட்டால் பெரும்பாலும் திறந்துவிடும்.

அச்சுப்பொறி ஏர்பிரின்ட் (டிரைவர் இல்லாமலே வைஃபை வழி அச்சிடும் முறை) தாங்கும் வகை என்றால் ஒன்றும் செய்யத் தேவையில்லை, ஒரே வைஃபையில் இருந்தால் தானே தெரியும். அதற்கு முந்தைய பழைய லேசர் என்றால் தயாரிப்பாளரிடம் லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்பதை நிறுவுவதற்கு முன்பே பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் மின்டில் உள்ள டைம்ஷிஃப்ட் கருவியில் ஒரு நிழற்பதிவு (அப்போதைய நிலையின் நகல்) எடுத்துவிடுங்கள். ஏதாவது கெட்டால் பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம். ஆனால் அது இயங்குதளத்தை மட்டுமே காக்கும், வீட்டுக் கோப்புறையை இயல்பாக விட்டுவிடும். பேரப்பிள்ளை படங்களுக்கு வெளிவட்டு தனியாக வேண்டும்.

கொடுத்த பிறகு இரண்டாம் வாரம் ஒரு முறை நேரில் போங்கள். தொலைபேசியில் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி" என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தமிழ்க் கடிதம் அடித்து அச்செடுக்கச் சொல்லிப் பாருங்கள். எங்கே கை நிற்கிறதோ அதைச் சரிசெய்துவிட்டு, மூன்றே மூன்று குறிப்பை மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்: தமிழுக்கு மாற சூப்பர் விசையும் (விண்டோஸ் குறி உள்ள விசை) இடைவெளி விசையும், மூலையில் கேடயக் குறி காட்டினால் புதுப்பிப்பு, உங்கள் தொலைபேசி எண்.