ஒரு பக்கம், ஒரே ஒரு முற்றுப்புள்ளி

தரம் நான்கில் படிக்கும் என் மகள் ஒரு பக்கத்துக்குக் கதை எழுதியிருந்தாள். பக்கம் முழுவதற்கும் ஒரே முற்றுப்புள்ளி, அதுவும் கடைசியில். “நானும் அம்மாயியும் ஹட்டனுக்குப் போக பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து போகும்போது மழை பெய்து மண் சரிந்து பஸ் நின்று அம்மாயி பயந்து நானும் பயந்து இறங்கி…” இப்படியே பாட்டியும் பேத்தியும் வீடு வந்து சேரும்வரை. கொப்பியின் அடியில் சிவப்பு மையில், ‘நிறுத்தற்குறிகளைக் கவனிக்கவும்’. எப்படிக் கவனிப்பது என்று பிள்ளைக்கு யார் சொல்வது?

நானும் பெரிய கெட்டிக்காரியாக, “மூச்சு வாங்கும் இடத்தில் காற்புள்ளி போடு” என்றேன். தினமும் தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்து வீட்டிலிருந்து இறங்கி ஏறிப் பள்ளிக்கூடம் போகிறவளுக்கு மூச்சு எங்கே வாங்கப்போகிறது? உப்புத் தூவியதுபோல் கண்ட இடமெல்லாம் காற்புள்ளி போட்டுக்கொண்டு வந்தாள்.

குற்றம் அவளுடையது அல்ல. தமிழில் ஏறி, இறங்கி, பார்த்து என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். வினைமுற்று வரும்வரை வாக்கியம் வாயை மூடாது. ‘என்று’ இருப்பதால் மேற்கோள்குறி இல்லாமலே பேச்சும் புரிந்துவிடும். ஓலைச்சுவடிகளில் இந்தக் குறிகளே கிடையாது; அச்சு வந்த பிறகு நிலைத்தவை. புலமைப்பரிசில் பரீட்சையைச் சொல்லிப் பிள்ளையை மிரட்டும் பெற்றோர் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

அப்புறம் வேறு விதமாகக் கேட்டேன். “உனக்கு எப்போது நெஞ்சு திக்கென்றது?” பஸ் நின்றபோதாம். “அதை மட்டும் எழுது.”

“வளைவில் பஸ் நின்றது. டிரைவர் மாமா ஒன்றும் பேசவில்லை. அம்மாயி பயந்துவிட்டார்.”

மூன்றே வரி. எனக்கே வயிற்றைக் கலக்கியது.

ருசி கண்டவள் அடுத்த நாள் எல்லாவற்றையும் நறுக்கிவிட்டாள். எழுந்தேன். பல் விளக்கினேன். தேநீர் குடித்தேன். காலையில் தோட்டத் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதுபோல் இருந்தது! சேற்றில் வழுக்கி, ஒருவர் கையை ஒருவர் பிடித்து, நனைந்து நடுங்கி வீடு வந்த அந்த நடையை மட்டும் நீளமாகவே விடச் சொன்னேன். நடை நீளம்தானே, வாக்கியமும் நீளட்டும். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: குறிகளை நான் போட்டுக்கொடுப்பதை நிறுத்திவிட்டேன். அவளே சத்தமாக வாசிக்கிறாள், தடுக்கும் இடத்தில் பென்சிலை வைக்கிறாள்.

நேற்று அம்மாயிக்கு வாசித்துக் காட்டினாள். முப்பது வருடம் கொழுந்து பறித்த மனுஷி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது வரியில் கண்ணைத் திறந்தார்.

“நான் எங்கே பயந்தேன்?”

மகள் அழிறப்பரைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.