நாய் நோன்பும் நாலாவது வினையும்

போன வாரம் அத்தைக்குத் தோள்பட்டை இறுகிப்போய்க் கையைத் தூக்கவே முடியவில்லை. பார்க்க வந்த பெரியவர் ஒருவர் ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, "எல்லாம் பூர்வ ஜென்ம கர்மாம்மா, அனுபவிச்சுத்தான் தீர்க்கணும். புத்தரே சொல்லியிருக்கார்" என்றார். நான் காபி போடப் போய்விட்டேன். அங்கே விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

சீவகன் என்ற துறவி புத்தரிடம் இதையேதான் கேட்கிறான்: நமக்கு வரும் இன்பதுன்பம் எல்லாமே முன்வினைதானா? புத்தர் வைத்தியர் மாதிரி அடுக்குகிறார். பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்ந்த கோளாறு, பருவ மாற்றம், உடம்பைக் கவனிக்காதது, அடி உதை. எட்டாவதாகத்தான் வினை வருகிறது. அத்தைக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது.

அனுபவித்தே தீர்ப்பது என்பது, பௌத்த நூல்களின்படி, நிகண்டர்களின், அதாவது சமணத் துறவிகளின் வாதம். உடம்பை வருத்திப் பழைய வினையைக் கரைப்பது, புதிதாகச் சேர்க்காமல் இருப்பது. புத்தரின் பேச்சுகளைத் தொகுத்த மஜ்ஜிம நிகாயத்தின் 101ஆவது சூத்திரத்தில் புத்தர் அவர்களைக் கேட்கிறார்: இதுவரை எவ்வளவு கழிந்தது, பாக்கி எவ்வளவு, தெரியுமா? தெரியாது. அசல் எவ்வளவு என்றே தெரியாமல் தவணை கட்டுகிற கதை. (இது எதிர்த்தரப்பு எழுதி வைத்தது. சமணர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.)

எனக்குப் பிடித்தது 57ஆவது சூத்திரம். கோலிய நாட்டில் இரண்டு பேர் புத்தரைப் பார்க்க வருகிறார்கள். புன்னன் மாட்டைப் போல வாழும் நோன்புக்காரன், சேனியன் நாயைப் போல. தரையில் போட்டதைத்தான் சேனியன் தின்பான். வந்தவன் நாய் மாதிரியே சுருண்டு உட்காருகிறான். இவனுக்கு என்ன கதி என்று புன்னன் கேட்க, "வேண்டாம், கேட்காதே" என்று புத்தர் இரண்டு முறை தட்டிக்கழிக்கிறார். மூன்றாம் முறை சொல்லிவிடுகிறார்: நாய் நோன்பை முழுசாகச் செய்தால் நாயாகவே பிறப்பான். இதனால் தேவனாவேன் என்று நம்பினால் நரகமோ விலங்குப் பிறவியோதான். சேனியன் அழுதுவிடுகிறான். தன் முறை வந்ததும் புன்னனும் அழுகிறான்.

அதற்கப்புறம்தான் நான்கு வினைகள் வருகின்றன. கறுப்பு (தீவினை), வெள்ளை (நல்வினை), இரண்டும் கலந்தது. நாலாவது கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. முதல் மூன்றையும் விட்டுவிட வேண்டும் என்ற மன உந்துதல். வினை முடிவது அதனால்தான். நம் ஆட்களுக்குக் கசப்பது இந்த இடம்: விடவேண்டிய பட்டியலில் வெள்ளையும் இருக்கிறது, அதாவது நாம் சேர்த்து வைக்கும் புண்ணியம்.

பழைய வினை பலிக்காது என்று புத்தர் சொல்லவில்லை. கொலைகாரனாக இருந்து துறவியான அங்குலிமாலன், அரகந்தன் (ஆசைகளை அறுத்து விடுதலை பெற்றவன்) ஆன பிறகும் பிச்சைக்குப் போன இடத்தில் மண்டை உடைந்து ரத்தம் வழியத் திரும்பி வந்தான். "பொறுத்துக்கொள்" என்றார் புத்தர். ஆனால் அடி வாங்கியதால் அவன் அரகந்தன் ஆகவில்லை, அது முன்னமே முடிந்த காரியம்.

சேனியன் சங்கத்தில் சேரக் கேட்டபோது, வேறு நெறியிலிருந்து வருகிறவர்கள் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார் புத்தர். நான்கு வருஷம் காத்திருக்கிறேன் என்றான் அவன்.

பெரியவர் மறுபடி வந்தால் இதைச் சொல்லலாம் என்று இருக்கிறேன். அத்தைக்குத் திங்களும் வியாழனும் பிசியோதெரபி.