4.2 கிலோ சிங்கக்குட்டி

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் தங்கைக்குப் போன மாதம் பையன் பிறந்தான். 4.2 கிலோ. சேதி வந்த அரை மணி நேரத்தில் தெருவே 'சிங்கக்குட்டி, சிங்கக்குட்டி' என்று கொண்டாடியது. அந்த நேரத்தில் சிங்கக்குட்டி சுகர் இறங்கிப்போய் ஐ.சி.யூ.வில் கிடந்தான். மணிக்கொரு தரம் குதிகாலில் ஊசி குத்திப் பார்த்தார்கள். கட்டைவிரல் அளவு குதிகால், அதில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். கொழுகொழு என்ற சொல்லே எனக்கு இப்போது பிடிப்பதில்லை.

டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு "சுகர் ரிப்போர்ட் எங்கேம்மா?" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள்.

ஆறாம் மாத செக்கப்பில், கர்ப்பத்தில் சுகர் ஏறியிருக்கிறதா என்று பார்க்கத் தங்கைக்குச் சர்க்கரைத் தண்ணி கொடுத்தார்கள். 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால் சுகர் 140ஐத் தொடக்கூடாது. வெறும் வயிற்றோடுகூடப் போக வேண்டாம். ஏழை எளியவருக்கும் தோதான இந்த முறைக்காகப் பாடுபட்டவர் நம்ம சென்னை டாக்டர் வி. சேஷய்யாதான், அவர் பிறந்த மார்ச் 10ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். இவளோ குடித்த பத்தாவது நிமிஷம் வாந்தி எடுத்துவிட்டாள். மறுநாள் வரச் சொன்னார்கள். "வாயும் வயிறுமா இருக்கிறவளை எத்தினி வாட்டி அலைய வுடுவாங்க" என்று அம்மா கூட்டி வந்துவிட்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் சாப்பாட்டுத் திருவிழா. காலையில் குங்குமப்பூ பால், சர்க்கரை தூக்கலாக. பதினோரு மணிக்கு மாதுளை ஜூஸ். மதியம் மலையாகச் சோறு, வேண்டாமென்றால் "உனக்கா போடுறேன், உள்ள இருக்கிறதுக்குப் போடுறேன்". வளைகாப்புக்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லார் கையிலும் ஸ்வீட் பாக்ஸ். காசிமேட்டிலிருந்து மாமா சங்கரா வாங்கி வந்தால் மட்டும் "மீன் சூடு, குழம்பை மட்டும் ஊத்திக்கோ". உடம்புக்கு வேண்டியதை எடுத்துவிட்டுச் சோற்றை மட்டும் ஏற்றினோம். கடைசி மாதங்களில் கூடுதலாகத் தேவைப்படுவது நாளைக்குச் சுமார் 350 கலோரி. ரெண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், கணக்கு முடிந்தது. இன்னொரு ஆள் சாப்பாடு எங்கே இருக்கிறது இதில்?

தாயின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. பிள்ளை தானே இன்சுலின் சுரந்து அத்தனையையும் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ளும். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், இன்சுலின் நிற்காது, அதனால்தான் சுகர் சடாரென்று இறங்குகிறது. பிரசவத்தில் தலை வந்து தோள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து வேறு. இவளுக்கு சிசேரியன் என்பதால் அதில் தப்பித்தோம்.

பெரிய பிள்ளை எல்லாம் சுகரால்தான் என்று சொல்லவில்லை. பையனோட அப்பா ஆறடி, அதுவும் இருக்கலாம். பரிசோதனையே செய்யாதபோது எதை வைத்துச் சொல்வது? எங்கள் ஆயா காலத்தில் பிள்ளை பெருத்துவிடும் என்று பயந்து சோற்றைக் குறைப்பார்களாம், அந்தப் பட்டினியும் தப்புதான். ஆனால் தயவுசெய்து மாசமாக இருக்கிறவளைத் திட்டாதீர்கள். கரண்டி அவள் கையில் இல்லை.

பிள்ளை பெற்று ஆறு வாரம் கழித்தும் ஒருமுறை தங்கைக்குச் சுகர் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், அடுத்த புதன்கிழமை போகிறோம். அம்மா இப்போதே நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறாள், பிழிந்து குடித்தால் குமட்டாதாம்.