அப்போது யாருக்குத் தெரியும்?

கொரோனா பரவத் தொடங்கிய 2020 மார்ச் தொடக்கத்தில் கச்சேரிக்குப் போனவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று உங்கள் கட்டுரை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்ததே மார்ச் 11-ல்தான். தமிழ்நாட்டில் தியேட்டர்களை மூடியது அதற்கும் சில நாள் கழித்து. அதுவரை நம் காதில் விழுந்ததெல்லாம் 'கையைக் கழுவுங்கள்' என்பதுதானே?

மயிலாப்பூரில் நான் போன சின்ன அரங்கில் வாசலிலேயே சானிடைசர் வைத்து, வந்தவர் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஊற்றினார்கள். உள்ளே ஏசிக்காக ஜன்னல்கள் அத்தனையும் சாத்தியிருந்தன. யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மவுண்ட் வெர்னனில், மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழு கூடிய ஒத்திகையிலும் இதே கதைதான். சானிடைசர் இருந்தது, கட்டிப்பிடிப்பதைக்கூடத் தவிர்த்தார்கள். வந்த 61 பேரில் 53 பேர் நோயில் விழுந்தார்கள், இரண்டு பேர் இறந்தே போனார்கள். சேர்ந்து பாடும்போது காற்றிலேயே பரவும் என்பது அதற்கப்புறம்தான் பலருக்கும் உறைத்தது.

சரி, ரசிகர்களை விடுங்கள். நாதஸ்வரம், தவில், கரகாட்டம் என்று பிழைப்பவர்களுக்குப் பங்குனி, சித்திரைத் திருவிழாக்கள்தான் வருஷச் சம்பாத்தியம். மயிலை அறுபத்துமூவர் உற்சவமே அந்த வருஷம் நடக்கவில்லை. கிராமத்துக் கோயில் கொடை விழாவுக்கு வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த பகுதியிலாவது தயவுசெய்து எழுதுங்கள்.