டாக்டர்களை மட்டும் குறை சொல்லாதீர்கள்

டிங்கி காய்ச்சல் அதிகமாகும்போதெல்லாம், தனியார் கிளினிக் டாக்டர்கள் சுகாதார அலுவலகத்துக்கு ஒழுங்காகத் தகவல் கொடுப்பதில்லை என்று ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சின்ன கிளினிக்கின் கவுண்டரில் பல வருடமாக இருப்பவள் நான். இதைக் கேட்டால் மனசு கேட்பதில்லை.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. மலேசியாவின் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, டிங்கி என்றால் 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். காசநோய்க்கு ஒரு வாரம். சொல்லாவிட்டால் வழக்கு வரலாம். இது எல்லா டாக்டருக்கும் தெரியும்.

ஆனால் திங்கட்கிழமை காலையை நினைத்துப் பாருங்கள். ஒரே டாக்டர், வாசல்வரை கூட்டம், பாதிப்பேர் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்டு வந்தவர்கள். நடுவில் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பும் பாரத்தை நிரப்ப வேண்டும். பெயர், வேலை இடம், காய்ச்சல் தொடங்கிய நாள் எல்லாம் சரி, முகவரியில்தான் மாட்டிக்கொள்வோம். ஐசியில் (அடையாள அட்டையில்) வேறு ஊரான தைப்பிங் முகவரி இருக்கும். ஆள் இங்கே பிளாட்டில் நண்பர்களோடு தங்கியிருப்பார். எந்த பிளாக் என்று தெரியும், வீட்டு எண் தெரியாது. போன் போட்டுக் கேட்டுச் சொல்வதற்குள் பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். ஐசி முகவரியையே எழுதி அனுப்பினால் புகை மருந்து அடிக்க வேண்டிய இடமே மாறிப்போகும்.

சிலர் கெஞ்சுவார்கள். "அக்கா, என் பேரைக் கொடுக்காதீங்க, வீட்டுக்கு வந்து கொசுப் புழு இருக்குன்னு அபராதம் போடுவாங்க." வேலை பெர்மிட் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளி என்றால் பாரத்தைப் பார்த்ததுமே எழுந்து போய்விடுவார். காசநோய் என்றால் முதலாளிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்.

லேப் முடிவு வரட்டும் என்று காத்திருக்கும் டாக்டர்களும் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. காய்ச்சலின் முதல் சில நாளில்தான் நோயாளியின் இரத்தத்திலிருந்து கொசுவுக்குக் கிருமி போகிறது. அப்புறம் 8 முதல் 12 நாளில் அதே கொசு அடுத்த வீட்டுக்காரருக்கு நோயைக் கொடுக்கும். சந்தேகம் வந்ததுமே சொல்வதால்தான் பயன்.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம், அனுப்பிய பிறகு பதில் வராததுதான். ஆளைப் பார்த்தார்களா, மருந்து அடித்தார்களா, எதுவும் தெரியாது. பக்கத்து பிளாக்கில் இன்னும் நாலு பேருக்கு வந்திருக்கிறது என்று ஒரு வாட்ஸ்ஆப் செய்தி வந்தால் போதும், அடுத்த காய்ச்சல்காரரை டாக்டர் வேறு கண்ணோடு பார்ப்பார். அதிகாரிகளே, டாக்டர்களுக்கான அபராதத்தைக் கூட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

வாசிக்கும் நீங்களும், காய்ச்சலோடு கிளினிக் வந்தால், இப்போது தங்கியிருக்கும் வீட்டின் பிளாக், மாடி, எண் மூன்றையும் சரியாகச் சொல்லுங்கள்.