அந்த ஆபரேட்டருக்குக் கொடுத்த மெமோ

இரவில் ஒரு பாலம் மூடப்பட்டது, அது தெரியாமல் பக்கத்து மாவட்ட ஆம்புலன்ஸ் அதுவரை போய்த் திரும்பியது. இந்தப் பாலம் விஷயத்தை இங்கே இருப்பவர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு நாளாக அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். நேற்றைய ஆய்வுக் கூட்டத்தின் முடிவைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. பாலம் மூடிய செய்தியை, மண்டலத்தின் மாவட்டங்கள் அவசரச் செய்திகளைப் பகிரும் மென்பொருளில் பதியாதது அவசர அழைப்புகளை எடுக்கும் கட்டுப்பாட்டு அறையின் இரவுப் பணி ஆபரேட்டரின் கவனக்குறைவு என்கிறார்கள். அவருக்கு மெமோ, மற்றவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. பக்கத்து மாவட்ட ஆம்புலன்ஸ் மூடிய பாலம் வரை போய்த் திரும்பியதற்கு இதுதான் காரணம் என்று கோப்பை மூடிவிட்டார்கள்.

அது காரணம் இல்லை. தினமும் திறக்காத மென்பொருளைப் பேரிடர் அன்றைக்கு யாரும் திறக்க மாட்டார்கள். இத்தனை வருடமாக நாம் கத்திக்கொண்டிருப்பது இதைத்தான்.

அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். அழைப்பு வருகிறது. நேரம், அழைத்தவர் எண், இடம், என்ன சம்பவம் என்று தன் அறையின் அழைப்புப் பதிவில் அடிக்கிறார். அதே விவரத்தை மண்டலப் பகிர்வு மென்பொருளில் இன்னொரு முறை அடிக்க வேண்டும். அதற்குத் தனி லாகின், கட்டாயம் நிரப்ப வேண்டிய 14 கட்டங்கள். இடத்தை வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்ட வேண்டும். வரைபடம் முழுசாகத் திறப்பதற்குள் மூன்று அழைப்புகள் வரிசையில் நிற்கின்றன. கடவுச்சொல் 90 நாளில் காலாவதி. புதுப்பிக்க ஓடிபி வரும். யார் கைபேசிக்கு? கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. அவர் மாற்றலாகிப் போய் எட்டு மாதம். நள்ளிரவில் அவரை எழுப்பி ஓடிபி கேட்பதா, அடுத்த அழைப்பை எடுப்பதா? அந்த ஆபரேட்டர் அழைப்பை எடுத்தார். பாலம் பற்றி வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு வரி போட்டார். அந்த நாற்காலியில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஒரே தகவலை இரண்டு முறை அடிக்கச் சொன்னால் இரண்டாவது முறை நடக்காது. பயிற்சி கொடுத்தாலும் நடக்காது. அழைப்புப் பதிவில் "சாலை மூடல்" என்று தேர்வு செய்த உடனே அது தானாகப் பகிர்வு மென்பொருளுக்குப் போக வேண்டும். இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய சமாச்சாரமும் இல்லை. எச்சரிக்கைச் செய்தியை எல்லா மென்பொருள்களும் படிக்கும்படி ஒரே வடிவத்தில் எழுத, கேப் எனப்படும் பொது எச்சரிக்கை நெறிமுறை 2004 முதல் இருக்கிறது. இப்போது புழங்கும் 1.2 பதிப்பு 2010இல் வந்தது. சம்பவம் என்ன, எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு உறுதி, எந்தப் பகுதி, எந்த நேரம் வரை செல்லுபடியாகும் என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. உண்மையான செய்தியா, பயிற்சியா என்பதற்குத் தனிக் கட்டம். புதுச் செய்தியா, திருத்தமா, ரத்தா என்பதற்கும் தனிக் கட்டம்.

இணைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இணைக்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். கேப்பில் அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பிறகு. வரைபட மென்பொருள்கள் பயன்படுத்தும் ஜியோஜேசன் என்ற தரவு வடிவத்தில் தலைகீழ், தீர்க்கரேகைதான் முதலில். மாற்றி எழுத மறந்தால் 11 டிகிரி வடக்கு, 79 டிகிரி கிழக்கில் இருக்க வேண்டிய வெள்ளப் பகுதி ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டுக்குப் பக்கத்தில் போய் விழும். மென்பொருள் பிழை காட்டாது, ஏனென்றால் அதுவும் பூமியில் ஒரு இடம்தான். நேரமும் அப்படியே. உலகப் பொது நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பக்கம் சேர்த்து, இன்னொரு பக்கம் சேர்க்காமல் விட்டால் இப்போது மூடிய சாலை ஐந்தரை மணி நேரம் முன்பே மூடியதாகக் காட்டும். பகுதியின் எல்லையைக் காட்டும் பலகோணத்தின் முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்தப் பகுதியே சில திரைகளில் வராது. இதையெல்லாம் சரிபார்க்க ஒரு இன்ஜினியருக்கு நேரம் கொடுத்தார்களா? இல்லை, திறப்பு விழாத் தேதிதான் கொடுத்தார்கள்.

"வாட்ஸ்ஆப் போதுமே, அன்றைக்கு அதுதானே வேலை செய்தது" என்று கமெண்டில் வரும் என்று தெரியும். வேகத்தில் அது ஜெயிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு வரி பக்கத்து மாவட்டக் குழுவுக்கு ஃபார்வர்டு ஆனபோது யார் சொன்னது, எப்போது சொன்னது என்ற விவரம் போய்விட்டது. பாலத்தின் படம் வந்தது, எந்த நேரத்துப் படம் என்று தெரியாது. காலையில் பாலம் திறந்த பிறகும் "மூடப்பட்டது" என்ற செய்தி ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. பாலம் திறந்ததும் ஃபார்வர்டு ஆன செய்தி தானாகக் காலாவதி ஆகாது, முதலில் போட்டவர் அதைத் திரும்ப அழைக்கவும் வழியில்லை. அந்தப் பாலத்தைப் பற்றித் தேவைப்பட்டது ஐந்தே விஷயம். எந்த இடம், எப்போதிலிருந்து, யார் நேரில் பார்த்தது, எந்த நேரம் வரை செல்லுபடியாகும், அடுத்து யார் சரிபார்ப்பது. இந்த ஐந்து போதும், 14 கட்டம் எதற்கு?

"தனியுரிமை என்ன ஆவது?" நோயாளியின் பெயரை யார் கேட்டார்கள்? பாலத்துக்குத் தனியுரிமை கிடையாது. "நெட் போய்விட்டால்?" போகும். வயர்லெஸ் செட்டும், அச்சடித்த படிவமும் அதே ஐந்து கட்டங்களோடு மேசையில் இருக்க வேண்டும், இணைப்பு வந்ததும் ஏற்றிவிடலாம்.

வார்த்தைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு மருத்துவமனை "20 படுக்கை காலி" என்கிறது. அது கட்டில் கணக்கா, நர்ஸும் ஆக்சிஜனும் உள்ள படுக்கைக் கணக்கா? எத்தனை மணிக்கு எண்ணியது? அமெரிக்காவில் காட்டுத்தீயணைப்புக் காரர்களுக்கு "டேங்கர்" என்றால் விமானம். வேறு பகுதிகளில் அதே சொல் தண்ணீர் லாரி. கேட்டது ஒன்று, வந்து நிற்பது வேறொன்று. மென்பொருள் வாங்கும் முன் இந்தச் சொற்பட்டியலில் எல்லாத் துறையும் கையெழுத்துப் போட வேண்டும். நம் மண்டலத்தில் இன்றுவரை அந்தப் பட்டியல் இல்லை.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் காவல்துறை ஹெலிகாப்டர் விமானி, உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரம் வெகுநேரம் தாங்காது என்று 10.08க்குச் சொல்லிவிட்டார். அது விழுந்தது 10.28க்கு. 20 நிமிடம் இருந்தது. அந்த எச்சரிக்கை தீயணைப்புத் துறை அதிகாரிகளைச் சென்றடையவில்லை. அன்றைக்குத் தீயணைப்புத் துறையினர் 343 பேர் இறந்தார்கள். வானத்தில் இருந்தவர் பார்த்துவிட்டார், சொல்லியும்விட்டார். அவரை யாராவது கவனக்குறைவு என்று சொல்வார்களா?

"தப்பு செய்த ஆளைக் காப்பாற்றுகிறீர்கள்" என்று நேற்றே ஒருவர் எழுதியிருந்தார். நேற்றிலிருந்து அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஏவுகணை வருகிறது என்று தவறான எச்சரிக்கை எல்லாக் கைபேசிகளுக்கும் போனது. "தவறு" என்ற திருத்தம் போக 38 நிமிடம் ஆயிற்று. அனுப்பிய பணியாளரை வேலையை விட்டு நீக்கினார்கள். ஆனால் விசாரணை அதோடு நிற்கவில்லை. இரண்டாவது ஆள் சரிபார்க்கும் ஏற்பாடு ஏன் இல்லை, தவறான எச்சரிக்கையைத் திருத்தும் நடைமுறை ஏன் இல்லை என்று கேட்டது. ஹவாய் அவசர மேலாண்மை அமைப்பின் தலைவரும் பதவி விலகினார். இங்கே அந்தக் கேள்விகளைக் கேட்கவே ஆள் இல்லை.

நம் பகிர்வு மென்பொருளுக்கு ஒத்திகை நடந்ததா? நடந்தது, முன்கூட்டியே தேதி சொல்லி, பகல் 11 மணிக்கு, எல்லாப் பெரிய அதிகாரிகளும் உட்கார்ந்திருந்தபோது. ஜெர்மனியும் 2020 செப்டம்பர் 10 அன்று காலை 11 மணிக்குத்தான் நாடு முழுக்க எச்சரிக்கை ஒத்திகை நடத்தியது. ஒரே நேரத்தில் பல இடங்களிலிருந்து செய்தி ஏவியதில் மைய அமைப்பு திணறி, கைபேசி எச்சரிக்கைகள் தாமதமாயின. ஒத்திகை தோற்றது என்று அவர்களே அறிவித்தார்கள். நம் ஒத்திகை அறிக்கையில் "வெற்றிகரமாக நிறைவு" என்று இருக்கிறது. அன்றைக்கு ஓடிபி வரவில்லை என்று அதே ஆபரேட்டர் எழுத்தில் கொடுத்த குறிப்பு அந்த அறிக்கையில் இல்லை.

பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. இரண்டு மாவட்டம், ஒரே ஒரு தகவல், சாலை மூடல் மட்டும், 90 நாள். திருவிழா, தேர்தல் கூட்டம், குழாய் உடைப்பு, மரம் விழுந்தது என்று தினமும் ஏதாவது ஒரு சாலை மூடத்தான் செய்கிறது. தினமும் பதியட்டும். லாகின் ஆள் பெயரில் வேண்டாம், பணி மேசையின் பெயரில் இருக்கட்டும். ஷிஃப்ட் மாறும்போது யார் உட்காருகிறார் என்று மட்டும் கையெழுத்து. ஒவ்வொரு திங்களும் இரண்டு அறைப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது போய்ச் சேரவில்லை, எங்கே நின்றது என்று பார்க்கட்டும். அது ஓடிய பிறகு படுக்கைக் கணக்கைச் சேர்க்கலாம்.

இதற்கு முன்பாக ஒரு வேலை இருக்கிறது. அன்றைய இரவின் லாகின் பதிவை வெளியே வையுங்கள். எத்தனை முறை முயன்றார், ஓடிபி எந்த எண்ணுக்குப் போனது என்று அதில் இருக்கும். பார்த்துவிட்டு அந்த மெமோவைத் திரும்பப் பெறுங்கள்.