ரத்து செய்கிற துறையே தீர்ப்பும் சொல்லலாமா?

அரசு வேலை எடுத்தால் துறை வைத்ததுதான் சட்டம் என்று சின்ன கான்ட்ராக்டர்கள் பலர் நம்புகிறார்கள். ஒப்பந்தம் ரத்து என்று கடிதம் வரும். கூடவே டெபாசிட் பறிமுதல், கான்ட்ராக்டருக்காக பேங்க் எழுதிக் கொடுத்த உத்தரவாதமான பேங்க் கியாரண்டியைப் பணமாக்கும் உத்தரவு. மீதி வேலையை வேறு ஆளை வைத்து முடித்து, கூடுதல் செலவையும் உங்களிடமே வாங்குவோம் என்ற மிரட்டல் வேறு. தாமதத்துக்கு யார் காரணம் என்று முடிவு செய்தது யார்? டிராயிங் தர வேண்டிய, இடத்தைக் காலி செய்து தர வேண்டிய அதே துறைதான்!

இது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. குவாஹாட்டி விமான நிலைய முனையத்தை விரிவாக்கும் வேலை 1993-இல் ஜே.ஜி. இன்ஜினியர்ஸ் நிறுவனத்துக்குத் தரப்பட்டு, அடுத்த ஆண்டே ரத்தானது. அதிகாரியின் முடிவே இறுதி என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த 'இறுதி' எல்லாம் எவ்வளவு தொகை என்று கணக்கிடும் அளவுக்குத்தான், ஒப்பந்தத்தை மீறியது யார் என்பதை ஒரு தரப்பே தீர்மானிக்க முடியாது என்றது நீதிமன்றம். மீறல் கான்ட்ராக்டருடையது இல்லை என்றால் அந்தக் கூடுதல் செலவையும் அவர் தலையில் கட்ட முடியாது. சரி, இந்தத் தீர்ப்பு வந்தது எப்போது? 2011-இல்.

நஷ்ட ஈட்டுக்கும் வழி இருக்கிறது. குஜராத் சாலை வேலை ஒன்றில், மீதி வேலையின் மதிப்பில் 15 சதவீதத்தை இழந்த லாபமாகத் தரச் சொன்னது 1984 தீர்ப்பு. பிளாக்லிஸ்ட் செய்வதாக இருந்தால் அதைக் குறிப்பிட்டே நோட்டீஸ் தர வேண்டும். 2024 ஜூலையில் வந்த கொல்கத்தா சுரங்கப்பாதைப் பராமரிப்பு டெண்டர் வழக்கில், அமைச்சர் சொன்னார் என்பதற்காக நடந்த ரத்தை உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. கோப்பில் இருந்த குறிப்புகளே துறையைக் காட்டிக் கொடுத்தன.

ஆனால் இதை வைத்து வேலையைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சாலை, பாலம் போன்ற உள்கட்டமைப்புத் திட்டங்களைத் தாமதப்படுத்தும் தடை உத்தரவைத் தரக்கூடாது என்று 2018-இல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். பெரும்பாலும் மிஞ்சுவது பணம்தான், அதுவும் கடைசியில். இதில் 2024 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம், கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரை வைத்துத் தீர்த்துக்கொள்ளும் நடுவர் தீர்ப்பாய முறையை 10 கோடி ரூபாய்க்குக் குறைவான தகராறுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று துறைகளுக்கு வழிகாட்டியது. பெரிய தகராறு என்றால் சிவில் கோர்ட்டு வரிசையில் நில் என்றுதானே அர்த்தம்? எனக்கு இது சுத்தமாக ஒப்பவில்லை. பேங்க் கியாரண்டியை ஒரே நாளில் எடுக்க முடிகிறவர்கள், ரத்து சரியா என்று 3 மாதத்துக்குள் வெளியாள் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாமே? அதுவரை கியாரண்டியைத் தொடக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்தால் போதும்.

அதெல்லாம் வரும்போது வரட்டும். ரத்துக் கடிதம் கையில் கிடைத்த கான்ட்ராக்டர் முதலில் வக்கீலைப் பிடித்து, முடித்த வேலையைக் கூட்டாக அளக்கச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும். துறை இழுத்தடித்தால் கோர்ட்டு மூலம் ஆணையர் போட்டு அளக்கலாம். புது ஆள் சைட்டில் இறங்கி மேலே கான்கிரீட் போட்டுவிட்டால், அப்புறம் எம்-புக்கில், அதாவது வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகத்தில், துறை எழுதியதுதான் கணக்கு.